டாலரில் வாக்குறுதி, தவணையில் வீடு

போர் முடிந்த ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்த உலக நாடுகள் பணம் தருகின்றன. அது யார் பேரைச் சொல்லி வருகிறது, யார் கையில் தங்குகிறது, கடைசியில் யார் வீட்டுக் கூரையாகிறது? இலங்கையின் வடக்கு-கிழக்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடும் கணக்கு இது.

2003 ஜூன் 9. டோக்கியோவில் 51 நாடுகளின் பிரதிநிதிகளும் 22 சர்வதேச அமைப்புகளின் அதிகாரிகளும் கூடினார்கள். பேச்சு முழுக்க இலங்கையைப் பற்றியது. ஜப்பான் பிரதமர் கொய்சுமி வரவேற்றார், இலங்கைப் பிரதமர் ரணில் விக்ரமசிங்க கேட்டார், நாடுகள் ஒவ்வொன்றாக எழுந்து தொகை சொல்லின. மறுநாள் மாலை கூட்டிப் பார்த்தபோது 450 கோடி டாலர் வந்திருந்தது. நான்கு ஆண்டுகளில் தருவதாக வாக்கு. ஜப்பான் மட்டும் 100 கோடி வரை, ஆசிய வளர்ச்சி வங்கி இன்னொரு 100 கோடி, உலக வங்கி 80 கோடி.

இத்தனை பணமும் எதற்காக? இருபது ஆண்டுப் போரில் இடிந்துபோன வடக்கையும் கிழக்கையும் மீண்டும் கட்டுவதுதான் மாநாட்டின் முதல் காரணம். ஆனால் அந்த நிலத்தில் பாதியைத் தங்கள் பிடியில் வைத்திருந்த விடுதலைப் புலிகள் டோக்கியோவுக்கு வரவில்லை.

வராததற்குப் பின்னால் இரண்டு மாதக் கதை இருக்கிறது. 2002 பிப்ரவரி 22-இல் ரணிலும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கையெழுத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, நார்வேயின் அனுசரணையில் தாய்லாந்தில் தொடங்கி ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. டோக்கியோவுக்கு முன்னோட்டமாக 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு கூட்டம். 1997-இலேயே அமெரிக்கா புலிகளைத் தடை செய்திருந்ததால் அவர்கள் அங்கே கால் வைக்க முடியாது. பேச்சுவார்த்தையில் சரிசமமாக உட்காரும் ஒரு தரப்பு இல்லாமலேயே, அந்தத் தரப்பின் ஊர்களுக்கான பணத்தைப் பற்றிப் பேசினார்கள். ஏப்ரல் 21-ஆம் தேதி புலிகளின் சார்பில் பேசிவந்த அன்டன் பாலசிங்கம் ரணிலுக்கு எழுதிய கடிதத்தில், பேச்சிலிருந்து தற்காலிகமாக விலகுவதாகவும் டோக்கியோவுக்கு வரப்போவதில்லை என்றும் அறிவித்தார். போர்நிறுத்தத்தால் மக்களின் அன்றாட வாழ்வில் எந்த மாற்றமும் வரவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு.

சாவி இல்லாத நிதியம்

பணத்தை மக்களிடம் சேர்க்க வழி எதுவும் யோசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2002-இன் இறுதியில் அரசும் புலிகளும் சேர்ந்து ஓர் உபகுழு அமைத்தார்கள். உடனடி மனிதாபிமான, புனர்வாழ்வுத் தேவைகளைப் பட்டியலிட்டு வேலைகளை முடிவு செய்வது அதன் பொறுப்பு. கூடவே ‘வடக்கு-கிழக்கு புனரமைப்பு நிதியம்’ ஒன்றும் திட்டமிடப்பட்டது. இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பாததால், காசுக்குக் காவலாக உலக வங்கியை வைக்க ஒப்புக்கொண்டார்கள்.

நிதியம் காகிதத்தை விட்டு இறங்கவே இல்லை. உபகுழுவுக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. கொழும்பின் திறைசேரி விதிகளுக்குள் அதை அடக்க முடியவில்லை, விதிகளுக்கு வெளியே வைக்க அரசுக்கு மனமில்லை. புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் குழுவும் படுத்துவிட்டது.

டோக்கியோ அறிக்கையில் ஒரு நிபந்தனை இருந்தது. சமாதானப் பேச்சில் கணிசமான முன்னேற்றம் வரவேண்டும், அதற்கு இணையாகத்தான் பணமும் வரும் என்றார்கள். போர்நிறுத்தத்தை முழுமையாகக் கடைப்பிடிப்பது, பேச்சில் முஸ்லிம்களுக்கு இடம், மனித உரிமை, சிறுவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்துவது என்று பட்டியல் நீண்டது. அதைக் கண்காணிக்க அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நார்வே ஆகிய நான்கும் ‘இணைத்தலைமை நாடுகள்’ என்று பெயர் சூடிக்கொண்டன. அந்த நாட்களின் ஈழத்துப் பத்திரிகைகளில் இந்தச் சொல் இல்லாத நாள் குறைவு.

முன்னேற்றம் வரவில்லை. 2003 அக்டோபர் கடைசியில் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான வரைவைக் கொடுத்தார்கள். அடுத்த சில நாட்களில் ஜனாதிபதி சந்திரிகா, ரணில் அரசின் மூன்று முக்கிய அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். 2004 ஏப்ரல் தேர்தலில் ரணிலின் ஆட்சி போனது. அதற்கு ஒரு மாதம் முன்பே கிழக்கில் புலிகளின் தளபதி கருணா பிரிந்துபோயிருந்தார்.

அப்படியானால் நிபந்தனைப்படி பணம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை! 2006 மே மாதம் இணைத்தலைமை நாடுகளே வெளியிட்ட அறிக்கையின்படி, டோக்கியோ வாக்குறுதியும் சுனாமி நிதியுமாகச் சேர்த்து அதுவரை 340 கோடி டாலருக்கு மேல் இலங்கைக்குத் தரப்பட்டிருந்தது. அதில் 20 சதவீதத்துக்கும் சற்று அதிகமான பங்குதான் வடக்கு-கிழக்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. யாருடைய இடிந்த வீட்டைக் காட்டி மாநாடு கூட்டப்பட்டதோ, அவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

பெரிய தொகை தந்த ஜப்பானும் இரண்டு வங்கிகளும் கடன் கொடுப்பவர்கள். அவர்களுக்கு அரசுதான் வாடிக்கையாளர். அணை, சாலை, மின்சாரம் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களை, பேச்சுவார்த்தை முறிந்தது என்பதற்காக அவர்கள் நிறுத்தத் தயாராக இல்லை. நார்வே தன்னுடைய சமாதான முயற்சியைப் பற்றி வெளியாட்களைக் கொண்டு ஒரு மதிப்பீடு செய்வித்து 2011-இல் வெளியிட்டது. உதவிப் பணத்தைக் காட்டி இரு தரப்பையும் வழிக்குக் கொண்டுவரலாம் என்ற கணக்கு பலிக்கவில்லை என்பதை அந்த மதிப்பீடும் மறைக்கவில்லை.

ஜப்பான் முன்வரிசையில் நின்றதற்கு ஒரு பழைய நன்றிக்கடனும் காரணம். 1951 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், அன்றைய சிலோனின் நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜெயவர்த்தன, ஜப்பானிடமிருந்து தங்கள் நாடு போர் இழப்பீடு கேட்காது என்று அறிவித்தார். தோற்றுக் கிடந்த ஜப்பான் அதை மறக்கவில்லை. போரில் நொறுங்கிய நாடு ஒன்று, அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு போருக்காகக் கொடையாளர் மாநாட்டை நடத்தியது. அந்தப் போர் தீவிரமடைந்த 1983-இல் கொழும்பில் ஜனாதிபதியாக இருந்தவரும் அதே ஜெயவர்த்தனதான்.

ஒரே அலை, இரண்டு கரை

சென்னைக் கடற்கரையின் கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து நேர் தெற்கே போனால் யாழ்ப்பாணம் 400 கிலோமீட்டர் கூட இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் இரண்டு கரைகளிலும் ஒரே அலை ஏறியது. அன்றைக்குக் கொட்டிவாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வரவில்லை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. அங்கே தெற்கில், முல்லைத்தீவு நகரமே தரைமட்டமானது. இலங்கையில் 35,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தியா இந்த விஷயத்தில் ஒரு முடிவெடுத்தது. வெளிநாட்டு அரசுகளின் நிவாரணம் வேண்டாம், நாமே பார்த்துக்கொள்கிறோம் என்றார் பிரதமர் மன்மோகன் சிங். அதே வேளையில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கு உதவ விரைந்தன. பிறகு மறுகட்டுமானத்துக்கு மட்டும் வங்கிகளின் நிதியை வாங்கினோம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக உலக வங்கி 46.5 கோடி டாலரும், தமிழ்நாடு, கேரளக் கரைகளுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 20 கோடி டாலரும் 2005-இல் ஒப்புதல் அளித்தன. பெறும் கை எது, கொடுக்கும் கை எது என்பதை டெல்லி தானே தீர்மானித்தது.

இலங்கையில் அந்தத் தீர்மானமே சண்டையாக மாறியது. அலை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதி, புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதி என்று பார்த்து ஏறவில்லை. நிவாரணப் பணத்தை இரு தரப்பும் சேர்ந்து நிர்வகிக்க ஒரு பொதுக்கட்டமைப்பு வேண்டும் என்று நாடுகள் நெருக்கின. 2005 ஜூன் 24-இல் அது கையெழுத்தானது. வடக்கு-கிழக்கின் ஆறு மாவட்டங்களில், கடலிலிருந்து 2 கிலோமீட்டர் வரையிலான நிலப்பரப்பு அதன் எல்லை. பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து இடம், முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. நிதிக்குக் காவல், மீண்டும் உலக வங்கி.

ஆளும் கூட்டணியில் இருந்த ஜே.வி.பி. ஏற்கெனவே அரசிலிருந்து வெளியேறி நீதிமன்றத்துக்குப் போகத் தயாராக இருந்தது. ஜூலை 15-இல் உச்ச நீதிமன்றம், பிராந்திய நிதியமும் குழுவின் அலுவலகம் கிளிநொச்சியில் அமைவதும் உட்பட முக்கியமான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கையெழுத்து காய்ந்து மூன்று வாரம். அதற்குப் பிறகு அந்தக் கட்டமைப்பு எழவே இல்லை. 2006-இல் போர் மீண்டும் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் பிறந்த ஒரு நிறுவனத்தின் கதையும் இங்கே சேரும். 1985-இல் தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகளுக்காகத் தொடங்கப்பட்ட தமிழர் புனர்வாழ்வுக் கழகம், பின்னாளில் புலம்பெயர் தமிழர்களின் பணத்தை வன்னிக்குக் கொண்டுசேர்க்கும் பெரிய வாய்க்காலாக வளர்ந்தது. சுனாமி நாட்களில் உலகமே அதன் வழியாகக் கொடுத்தது. புலிகளின் முன்னணி அமைப்பு என்று சொல்லி 2007 நவம்பரில் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. இலங்கையும் தடை செய்தது. அரசு வழியாக வந்த பணம் வடக்கை எட்டவில்லை, வடக்கை எட்டும் வழியைப் பணம் தந்த நாடுகளே நம்பவில்லை. நடுவில் தார்ப்பாய்க் கூடாரத்தில் மக்கள்.

போருக்குப் பின் வந்த வசந்தம்

2009 மே 18-இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வவுனியாவைச் சுற்றியிருந்த முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். மெனிக் பாம் என்ற முகாமின் பெயரைத் தமிழ்நாட்டில் எல்லோரும் கேள்விப்பட்டது அப்போதுதான். இந்தியா 500 கோடி ரூபாய் அறிவித்தது. அக்டோபரில் டி.ஆர்.பாலு தலைமையில் தமிழக எம்.பி.க்கள் குழு முகாம்களைப் பார்த்துவிட்டு வந்தது.

கொழும்புக்கு அப்போது அவசரமாக வேண்டியிருந்தது அந்நியச் செலாவணி. ஜூலை மாதம் சர்வதேச நாணய நிதியம் 260 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அர்ஜென்டினா ஆகிய ஐந்தும் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கின. எதிர்த்து வாக்களிக்கவும் இல்லை.

மாநாடு இல்லை, இணைத்தலைமை இல்லை. இந்த முறை வாசல் ஒன்றுதான். ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் தம்பி பசில் தலைமையிலான வடக்குக்கான செயலணி. எந்தத் தொண்டு நிறுவனம் எந்தக் கிராமத்தில் கிணறு தோண்ட வேண்டுமானாலும் அந்தச் செயலணி கையெழுத்துப் போடவேண்டும். ‘வடக்கின் வசந்தம்’ என்று அரசு பெயர் வைத்தது. வசந்தம் முதலில் தார்ச்சாலையாக வந்தது. ஏ9 வீதியும் மற்றப் பெருஞ்சாலைகளும் சீனக் கடனிலும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலும் அகலமாயின.

ரயில் இந்தியாவின் பங்கு. 1990 ஜூனில் நின்றுபோன யாழ்தேவி, 2014 அக்டோபர் 13-இல் மறுபடி யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் நுழைந்தது. ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரையும், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையும் இந்திய அரசு நிறுவனமான இர்கான் தண்டவாளம் போட்டது. செலவு இந்தியா தந்த 80 கோடி டாலர் கடன் தொகுப்பிலிருந்து. இது நன்கொடை அல்ல, இலங்கை திருப்பிக் கட்டவேண்டிய கடன். தருகிற நாட்டின் நிறுவனத்துக்கே ஒப்பந்தம் போவது இந்த வகைக் கடன்களில் வழக்கம்தான். சீனாவும் ஜப்பானும் கூட அப்படித்தான் செய்கின்றன. யாழ்ப்பாணத்துப் பயணிக்கு ரயில் கிடைத்தது, அந்த வேலையில் உள்ளூர் ஒப்பந்ததாரருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அடித்தளம் போட்டால் அடுத்த தவணை

2010 ஜூனில் மகிந்த ராஜபக்ஷ டெல்லி வந்தபோது இந்தியா 50,000 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தது. இது முழுக்க நன்கொடை, சுமார் 1,372 கோடி இந்திய ரூபாய். முதல் 1,000 வீடுகளை இந்தியா நியமித்த நிறுவனங்களே ஒப்பந்த முறையில் கட்டின. 2012 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறை தலைகீழானது. 45,000 வீடுகளையும் வீட்டுக்காரர்களே கட்டவேண்டும்.

இதில் இந்தியாவுக்குச் சொந்த அனுபவம் இருந்தது. 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில், உலக வங்கி உதவியுடன், வீடிழந்தவர் கையிலேயே தவணையாகப் பணம் கொடுத்துக் கட்டவைத்தார்கள். இலங்கையின் வடக்கு-கிழக்கிலும் உலக வங்கி, சுனாமிக்குச் சற்று முன் ஒப்புதல் பெற்ற வீடமைப்புத் திட்டத்தில் இதே வழியில்தான் போனது.

ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் இந்திய ரூபாய். பாதி இடிந்ததைத் திருத்த 2,50,000. குறைந்தது 550 சதுர அடி, இரண்டு அறை, கூடம், சமையலறை, கழிப்பறை. பணம் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகத்திலிருந்து நேராகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். அமைச்சரும் இல்லை, ஒப்பந்ததாரரும் இல்லை. அடித்தளம் எழுந்ததா என்று ஐ.நா. வாழ்விட அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற செயல்படுத்தும் நிறுவனங்களின் தொழில்நுட்ப அலுவலர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால் அடுத்த தவணை. சுவர் எழுந்தால் இன்னொன்று. கூரை, பிறகு பூச்சு.

டோக்கியோவின் 450 கோடியோடு ஒப்பிட்டால் ஒரு வீட்டின் கணக்கு 4,200 டாலர் அளவுக்குத்தான் வரும். ஆனால் போன இடம் தெரிந்த பணம் இது. யாருக்கு, எந்த ஊரில், எத்தனாவது தவணை என்பதெல்லாம் பேரேட்டில் இருக்கிறது. மேசன் யார், கல் எங்கே வாங்குவது, வாசல் எந்தத் திசை என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்தார். பல குடும்பங்கள் தாங்களே சீமெந்துக் கல் அறுத்தன. சாமி அறைக்கு ஒரு மூலை ஒதுக்கின.

குறையில்லாத திட்டமும் இல்லை. பயனாளிகளைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். முதியோர், ஊனமுற்றோர், பெண் தலைமைக் குடும்பங்கள், சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் புள்ளி அதிகம். நியாயமான அளவுகோல்தான். ஆனால் புதிதாகக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத தம்பதிக்கும், பிள்ளைகளைப் போரில் பறிகொடுத்து இருவராக மிஞ்சியவர்களுக்கும் பட்டியலில் இடம் கிடைப்பது கடினமானது. காணிக்கு உறுதி இல்லாதவர்கள், ராணுவம் வைத்திருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆகியோருக்கு வரிசையே இல்லை. கட்டுவதற்கு நிலம் வேண்டுமே.

வன்னி முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பியதால் மணலுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு. மேசன் கூலி ஏறியது. தவணைக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தைக் குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் நிரப்பின. வாழ்நாளில் ஒரே ஒரு முறை கட்டும் வீடு, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று எண்ணியவர்களும் உண்டு. சென்னையில் ‘வீட்டைக் கட்டிப்பார்’ என்று சொல்லும் அதே ஆசை, அதே பாடு.

கடன் கொடுக்க ஆள் தயாராக இருந்தது. போருக்குப் பிறகு ஏ9 திறந்ததும் வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்குக்கு வரிசைகட்டின. வாரா வாரம் வீட்டு வாசலில் வசூல். வட மாகாணத்தில் மட்டும் 50,000-க்கும் அதிகமான பெண் தலைமைக் குடும்பங்கள் இருந்தன. கடன் சுமையின் பெரும்பகுதி இந்தப் பெண்கள் மேல் விழுந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று சுற்றியவர்களின் தற்கொலைகள் செய்தியாயின. 2018-இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். நன்கொடையாக வந்த வீட்டுக்குள் வட்டி எப்படி நுழைந்தது என்பதைத் திட்டம் வகுத்த எந்த அலுவலகமும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை. வீடு கொடுத்தார்கள், அந்த வீட்டில் அடுப்பெரியத் தேவையான வருமானம் யார் பொறுப்பிலும் இல்லை.

பொருத்து வீடு வேண்டாம்

2015-இல் கொழும்பில் ஆட்சி மாறியது. புதிய அரசு வடக்கு-கிழக்குக்கு 65,000 வீடுகள் அறிவித்தபோது ஊர்களில் மகிழ்ச்சிதான். விவரம் வந்தபோது முகம் மாறியது. இரும்புச் சட்டங்களை இறக்குமதி செய்து பொருத்தும் வீடு. செய்யப்போவது உலகின் பெரிய உருக்கு நிறுவனங்களில் ஒன்றான ஆர்சலர் மிட்டல். ஒரு வீட்டின் விலை ஏறக்குறைய 21 லட்சம் ரூபாய். நிறுவனம் ஏற்பாடு செய்யும் கடனை நாடு பிறகு அடைக்கவேண்டும்.

மீள்குடியேற்ற அமைச்சே அந்த நாளில் ஒரு கல்வீட்டுக்கு 8 லட்சம் ரூபாய்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பொருத்து வீட்டின் விலையில் இரண்டு கல்வீடு கட்டியும் மீதி இருக்கும். வடக்கின் வெயிலில் இரும்பு வீடு எப்படி இருக்கும், பின்னால் ஓர் அறை சேர்க்க முடியுமா, பழுதானால் ஊர் மேசன் தொடுவாரா என்று கேள்விகள் எழுந்தன. பொறியியல் பேராசிரியர்களும் பொருளாதார ஆய்வாளர்களும் எழுதினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ.சுமந்திரன் வெளிப்படையாக எதிர்த்தார். வேறு வீடே கிடைக்காது என்ற பயத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களும் ஏராளம். தகரக் கொட்டகையில் மழைக்காலத்தைக் கழிக்கும் குடும்பத்திடம் இரும்பு வீடா கல்வீடா என்று கேட்டால், எது முதலில் வருமோ அது என்றுதான் பதில் வரும்.

இழுபறிக்குப் பிறகு அந்தப் பெருந்திட்டம் கைவிடப்பட்டது. 2018-இல் சீன ரயில்வே நிறுவனம் ஒன்றுக்கு 40,000 வீடுகள், 30 கோடி டாலர் என்று புதிய ஏற்பாடு வந்தது. கான்கிரீட் பலகை வீடு வேண்டாம், செங்கல் வீடுதான் வேண்டும் என்று மறுபடி எதிர்ப்பு. அதுவும் திரும்பப் பெறப்பட்டது. இந்த இரண்டாவது சண்டையில் டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் இடையிலான போட்டியைத்தான் வெளியுலகம் பார்த்தது. வடக்கின் மக்கள் பேசியதோ சுவரைப் பற்றி.

இதே கேள்வி சென்னைக்கும் புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடியேறினால்தான் புதிய வீட்டுக்கு உதவி என்று சொன்னது. இலங்கை அரசும் தன் வடக்கு-கிழக்குக் கரையில் அதே 200 மீட்டரை வரைந்தது. சென்னைக் கரையின் குடும்பங்கள் பல, பழைய மகாபலிபுரம் சாலைக்கு அந்தப்புறம் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. கடலைப் பார்த்துக் காற்றைப் படித்துத் தொழிலுக்குப் போகிறவருக்கு, பேருந்து பிடித்துக் கடலுக்கு வரவேண்டிய வீடு. கட்டியவர் கணக்கில் அது முடிந்த வேலை. வாங்கியவர்களில் பலர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கரைக்குத் திரும்பினார்கள்.

இரணைமடுத் தண்ணீர் யாருக்கு?

கொடையாளரின் திட்டம் இரண்டு ஊரை மோதவிட்டதும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் கிணற்று நீர்தான் எல்லாவற்றுக்கும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குழாய் போட்டு யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2010-இல் ஆசிய வளர்ச்சி வங்கி கடன் தந்தது. பிரெஞ்சு வளர்ச்சி முகமையும் சேர்ந்தது. காகிதத்தில் அழகான திட்டம்.

இரணைமடுவை நம்பிப் பயிர் செய்யும் விவசாயிகள் மறுத்தார்கள். போரில் எல்லாம் இழந்து இப்போதுதான் வயலுக்குத் திரும்பியிருக்கிறோம், சிறுபோகத்துக்கே தண்ணீர் போதவில்லை, அதையும் கொடுத்தால் எங்கள் கதி என்ன என்றார்கள். 2013-இல் வந்த வட மாகாண சபைக்குள்ளும் இது பிளவாக வெடித்தது. காவிரியைப் பற்றிப் பேசிப் பழகிய தமிழ்நாட்டுக்கு இந்த வாதங்கள் புரிய அதிக நேரம் ஆகாது. முடிவில் குளத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கடன் கையெழுத்தாகிப் பதினான்கு ஆண்டு. விவசாயிகளிடம் 2010-இலேயே கேட்டிருந்தால் எத்தனை ஆண்டு மிச்சமாகியிருக்கும் என்று கிளிநொச்சியில் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

உலகக் கணக்கு

போருக்குப் பிந்தைய உதவி என்றதும் எல்லோரும் சொல்வது மார்ஷல் திட்டம். 1948 முதல் நான்கு ஆண்டுகளில் அமெரிக்கா மேற்கு ஐரோப்பாவின் 16 நாடுகளுக்கு 1,300 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. பெரும்பாலும் நன்கொடை. அதைவிட முக்கியம், பெறும் நாடுகளே பாரிஸில் கூடி யாருக்கு எவ்வளவு என்று பேசி ஒரு பொதுத் திட்டம் வகுத்தன. பின்னால் வந்த மாநாடுகள் பெயரையும் தொகையையும் மார்ஷலிடமிருந்து எடுத்துக்கொண்டன, அந்த மேசையை எடுத்துக்கொள்ளவில்லை.

போஸ்னியாவுக்கு 1996-இலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு 510 கோடி டாலர். 2002 ஜனவரியில் ஆப்கானிஸ்தானுக்காக மாநாடு கூடியதும் டோக்கியோவில்தான், அறிவிக்கப்பட்டதும் அதே 450 கோடி. 2014 அக்டோபரில் கெய்ரோவில் பாலஸ்தீனத்துக்கு 540 கோடி டாலர் வாக்குத் தரப்பட்டது. 2016-இன் நடுப்பகுதி வரை, அதில் காசாவுக்கு என்று சொன்ன தொகையில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. அந்தக் காசா மறுபடி இடிந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் உலக வங்கியும் ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து காசாவைக் கட்ட 5,300 கோடி டாலர் வேண்டும் என்று மதிப்பிட்டன. அதே மாதம் உக்ரைனுக்கான மதிப்பீடு பத்து ஆண்டுகளுக்கு 52,400 கோடி டாலர். உக்ரைனுக்காக லுகானோ, லண்டன், பெர்லின், ரோம் என்று ஆண்டுக்கொரு மாநாடு நடக்கிறது, போர் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இந்த வரிசையில் இலங்கையின் 50,000 வீடுகள் மிகச் சிறிய கணக்கு. அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதி பின்னர் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் போனது. 2022-இல் இலங்கை திவாலானபோது கடன் பட்டியலில் துறைமுகம், விமான நிலையம், நெடுஞ்சாலை எல்லாம் இருந்தன. வன்னியின் வீடுகள் அதில் இல்லை. நன்கொடையாக வந்ததால் அவற்றுக்கு வட்டி கேட்க யாரும் வரவில்லை.

திரும்பாதவர்கள்

கணக்கின் ஒரு பத்தி தமிழ்நாட்டில் இருக்கிறது. 1983-க்குப் பிறகு வந்தவர்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் 2021-இலும் இங்கே முகாம்களில் வாழ்ந்தார்கள். முகாமுக்கு வெளியே 34,000 பேர். ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஒருநாள் ஊர் திரும்பும்போது கையில் ஒரு தொழிலும் படிப்பும் இருக்கவேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாக முகாம்களில் வேலை செய்கிறது. 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 317 கோடி ரூபாய் அறிவித்து, 7,469 வீடுகள் கட்டவும் முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கவும் உத்தரவிட்டார். இந்தியா அங்கே தந்த வீடு பெரும்பாலும் போரில் நாட்டிலேயே இருந்தவருக்கு, தமிழ்நாடு இங்கே கட்டும் வீடு ஊரைவிட்டு வந்தவருக்கு. இரண்டுக்கும் நடுவே, திரும்பலாமா என்று யோசிக்கும் குடும்பம் முதலில் கேட்பது காணியைப் பற்றி. அது காடாகியிருக்கலாம், வேறொருவர் குடியிருக்கலாம், முகாமாகியிருக்கலாம், கண்ணிவெடி இருக்கலாம்.

கண்ணிவெடிக்கு மட்டும் பணம் இன்னும் வருகிறது. அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், நார்வே உள்ளிட்ட நாடுகளின் உதவியில், 2002 முதல் ஹேலோ டிரஸ்ட், மேக் போன்ற நிறுவனங்கள் அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவுகின்றன. பல ஆண்டுகள் போர் முனையாக இருந்த முகமாலை அவற்றில் மிகப் பெரிய களம். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி நாட்டைக் கண்ணிவெடியற்றதாக்கக் கெடு 2028 ஜூன் 1. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை மறு ஆய்வுக்காக நிறுத்தியபோது உலகெங்கும் அந்த நிதியில் நடந்த கண்ணிவெடி அகற்றும் பணிகளும் சேர்ந்து நின்றன. எங்கோ எடுக்கும் ஒரு முடிவு வயலோரத்து வேலையை எப்படித் தொடும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டாம்.

அந்த வேலையில் இருப்பவர்களில் கணிசமானோர் பெண்கள். கணவரைப் போரில் இழந்தவர்கள், வீட்டுத்திட்டத்தில் வீடு பெற்றவர்கள், அந்த வீட்டுக்காகப் பட்ட கடனை இந்தச் சம்பளத்தில் அடைப்பவர்கள் அவர்களில் உண்டு. மாதச் சம்பளம் தரும் வேலை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குறைவு. கடைசிக் கண்ணிவெடி எடுக்கப்பட்டதும் திட்டம் வெற்றி என்று அறிவிக்கப்படும், நிதி நிற்கும், அந்தச் சம்பளமும் நிற்கும். அவர்களுக்கு அடுத்த வேலை எது என்று இப்போதே கேட்டு வைப்பதற்கு 2028 ஜூன் வரை நேரம் இருக்கிறது.